டிசம்பர் கடனும் ஆறுமணிக் குருவியும்: சென்னை ஓட்டக்காரர்களின் ஆண்டுக் கணக்கு ஏன் 12-ஆல் வகுபடாது?

“எத்தனை ஆச்சு?”

டிசம்பர் பிறந்துவிட்டால் பெசன்ட் நகர் கடற்கரையிலோ மெரினா நடைபாதையிலோ ஓடி முடித்து, ஷூ கயிற்றைத் தளர்த்திக்கொண்டு நிற்பவர்களிடையே அதிகம் புழங்கும் கேள்வி இதுதான். ஜனவரி 1 முதல் இன்றுவரை மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியாச்சு என்பதுதான் அதற்கு அர்த்தம். “870 ப்ரோ, இன்னும் 130 இருக்கு” என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். “மழையில போச்சு சார், 800 கூட தாண்டல” என்று இன்னொருவர். வருஷம் பிறந்தபோது “இந்த வருஷம் 1,000” என்று ஸ்ட்ராவா செயலியில் இலக்கு வைத்தவர்கள் இவர்கள். பரிசு கிடையாது, பதக்கம் கிடையாது, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. இருந்தாலும் அந்தப் பாக்கி வீட்டுக் கடன் மாதிரி மனதை அரிக்கும்.

அந்தக் கடனை அடைக்கிற விதத்தில்தான் சிக்கல். டிசம்பரின் கடைசி இரண்டு ஞாயிறுகளில் ஒரேயடியாக ஓடித் தீர்த்துவிட்டு, ஜனவரியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில் சென்னை மாரத்தான் நடப்பதும் ஜனவரி தொடக்கத்தில்தான். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பந்தயத்தை, கைப்பேசியில் ஒரு வட்டம் முழுமையாகவில்லை என்பதற்காகக் கோட்டைவிடுவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

1,000 என்ற எண்ணில் என்ன இருக்கிறது?

கணக்காகப் பார்த்தால் 1,000 கி.மீ. பெரிய மலையல்ல. வாரத்துக்கு 19 கி.மீ. சொச்சம், நாளுக்கு முக்கால் மணி நேரம்கூட வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் ஆறரை கி.மீ. ஓடினால் முடிந்துவிடும். கொஞ்சம் தேறியவர்கள் 1,200 வைப்பார்கள், மாதம் 100 என்று மனக்கணக்குப் போட வசதி. அமெரிக்கா, பிரிட்டனில் 1,000 மைல் பிரபலம். அது 1,609 கி.மீ. ஆண்டின் எண்ணையே இலக்காக வைப்பவர்களும் இருக்கிறார்கள். 2025-இல் 2,025 கி.மீ. என்றால், நாள்தோறும் ஐந்தரை கி.மீ. தவறாமல் ஓட வேண்டும்.

இந்த எண்கள் எதற்கும் மருத்துவக் காரணம் கிடையாது. உருண்டையாக இருப்பதுதான் அவற்றின் ஒரே தகுதி. தினமும் 10,000 அடி நடக்கணும் என்று ஊரே சொல்கிறதே, அதன் கதையும் இப்படித்தான். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர் வைத்தார்கள்; ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள். கருவியின் பெயர் பின்னாளில் உலகத்தின் உடல்நல அறிவுரை ஆகிவிட்டது.

உருண்டை எண்ணுக்கு மனிதர்கள் எவ்வளவு மயங்குவார்கள் என்பதற்கு மாரத்தானிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு கோடிக்கு நெருக்கமான மாரத்தான் முடிவு நேரங்களை எடுத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அலசினார்கள். 2017-இல் ஆய்வு வெளியானது. மூன்றரை மணி, நான்கு மணி போன்ற எல்லைகளுக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் குவிந்து கிடந்தார்கள்; எல்லையைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. 3 மணி 59 நிமிடத்துக்கும் 4 மணி 1 நிமிடத்துக்கும் உடலுக்கு வித்தியாசம் தெரியாது, மனசுக்குத் தெரியும். 997-இல் நின்றுபோன ஒருவர் டிசம்பர் 31 ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் இறங்கி மூன்று கிலோமீட்டர் ஓடுவதும் இதே மயக்கத்தில்தான். மூன்று கிலோமீட்டர் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். முப்பது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

சென்னைக்குப் பன்னிரண்டு மாதம் கிடையாது

1,200-ஐ 12-ஆல் வகுத்தால் 100 வரும். காகிதத்தில் சரி. ஆனா அந்தக் கணக்கைப் போட்டவர் சென்னையில் ஒரு வருஷம் ஓடிப் பார்த்தவராக இருக்க மாட்டார்.

ஜனவரி, பிப்ரவரி ஓட்டக்காரர்களின் பொற்காலம். ஆறரை மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும், காற்றில் குளுமை இருக்கும், உடம்பு தானாக ஓடும். மார்ச் பாதிக்குமேல் காலை ஆறு மணிக்கே சட்டை நனைந்துவிடும். மே முதல் வாரம் கத்திரி தொடங்கினால் சொல்லவே வேண்டாம். வெயிலைவிடக் கொடுமை காற்றிலுள்ள ஈரப்பதம். உடல் சூட்டைத் தணிப்பது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவது. கடற்கரை ஊரில் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பணும், தசைக்கும் அனுப்பணும். ஜனவரியில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் ஓடியவருக்கு, மே மாதம் அதே உழைப்பில் ஆறரை, ஏழு நிமிடம் ஆகிறது. வேகம் குறைந்ததற்கு அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பரவாயில்லை ரகம். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடும். அதிலும் நவம்பர்தான் உச்சம். மழையில் நனைந்து ஓடுவது சுகம்தான். ஆனால் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் இருப்பவருக்குப் பிரச்சினை மழை அல்ல, தரை. முழங்கால் தண்ணீருக்குள் எங்கே பள்ளம், எங்கே திறந்த கால்வாய், மெட்ரோவுக்குத் தோண்டிய குழி எங்கே என்று தெரியாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அந்த வாரம் கிலோமீட்டர் கணக்கைப் பற்றி நினைத்தவர் யார்?

ஆக, கணக்கு உதைப்பது சோம்பலால் மட்டுமல்ல, நாட்காட்டியாலும்தான். சராசரியாக மாதம் 100 என்று வைத்தவர் மே மாதத்தில் 30 கி.மீ. பின்தங்குவார், நவம்பரில் இன்னொரு 30. செயலியோ பருவமழையை அறியாது. ‘நீங்கள் இலக்கைவிடப் பின்தங்கியிருக்கிறீர்கள்’ என்று மட்டும் காட்டும்.

1,200-ஐச் சென்னைக்கு ஏற்ற மாதிரி பிரித்தால் எப்படி இருக்கும்? ஜனவரி 130, பிப்ரவரி 120, மார்ச் 110 என்று நல்ல பருவத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரல் 85, மே 70, ஜூன் 85. இப்போது அரை வருஷத்தில் 600. சமமாகப் பிரித்திருந்தாலும் ஜூன் முடிவில் அதே 600-தான், ஆனா வந்த வழி வேற. ஜூலை 105, ஆகஸ்டும் செப்டம்பரும் 110, அக்டோபர் 95, நவம்பர் 70. டிசம்பருக்கு மிஞ்சுவது 110. இது எல்லோருக்கும் பொருந்தும் அட்டவணை அல்ல. கோவையில் இருப்பவருக்கு நவம்பர் இவ்வளவு மோசமில்லை, ஊட்டிக்காரருக்கு மே மாதம் கொண்டாட்டம். ஓடுகிற ஊரைக் கேட்டுத்தான் பிரிக்கணும் என்பதற்காக ஒரு மாதிரிக் கணக்கு, அவ்வளவுதான்.

காலை உடைப்பது எது?

ஓட்டக்காரர்களிடையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் விதி ஒன்று உண்டு: வாராந்தர தூரத்தை 10 சதவீதத்துக்குமேல் கூட்டாதே. கேட்க நியாயமாக இருக்கும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 10 சதவீத விதியை ஒட்டிய 13 வாரப் பயிற்சி, மற்றதற்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. 2008-இல் வந்த முடிவு பலரை முகம் சுளிக்க வைத்தது. முதல் குழுவில் காயமடைந்தவர்கள் 20.8 சதவீதம், இரண்டாம் குழுவில் 20.3. வித்தியாசமே இல்லை.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் கூட்டலாமா? இல்லை. 2025-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, கேள்வியையே மாற்றிப்போட்டது. 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரத் தரவுகளை 18 மாதம் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 35 சதவீதம் பேருக்கு அந்தக் காலத்தில் ஓட்டக் காயம் ஏற்பட்டது. வாரத்துக்கு வாரம் தூரம் எவ்வளவு கூடியது என்பதற்கும் காயத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு இருந்தது ஒற்றை ஓட்டத்தில். கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட, ஒரே ஓட்டத்தில் 10 முதல் 30 சதவீதம் கூடுதலாக ஓடியவர்களுக்குக் காய விகிதம் 64 சதவீதம் அதிகம். இரு மடங்குக்குமேல் ஓடியவர்களுக்கு 128 சதவீதம் அதிகம்.

கவனித்துப் பார்ப்பவர்களுக்கு இது அவதானிப்பு ஆய்வு என்பது புரியும். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் டிசம்பர் ஓட்டக்காரருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. நவம்பர் முழுக்க மழைக்குப் பயந்து 5, 6 என்று ஓடியவர், நடுவில் ஒரே ஒரு நாள் 10 கி.மீ. ஓடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, கடனை அடைக்கிற வெறியில், நண்பர்கள் இழுத்தார்கள் என்று ஈசிஆரில் 21 கி.மீ. போய்விட்டு வருகிறார். இரு மடங்குக்குமேல் என்ற வரிசையில் அவர் நேராகப் போய் நிற்கிறார். அதே 21 கி.மீட்டரை அந்த வாரத்தில் மூன்று ஏழாக ஓடியிருந்தால் ஆண்டுக் கணக்கில் வந்து சேரும் எண் ஒன்றுதான். கால் படுகிற பாடு ஒன்றல்ல.

எலும்பும் தசைநாரும் மெதுவாகப் பழகுபவை என்பதுதான் இதன் அடிப்படை. மூச்சும் இதயமும் சில வாரத்தில் தேறிவிடும். கெண்டைக்கால் தசைநாரும் கணைக்கால் எலும்பும் அப்படியல்ல, மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ‘நல்லாத்தானே ஓடினேன், மூச்சுக்கூட வாங்கல, எப்படி அடிபட்டது?’ என்று கேட்பவருக்குப் பதில் இங்கே இருக்கிறது.

அதே பாதையில் இன்னொரு பட்டியல்

ஓடுகிற கூட்டத்தில் பத்துப் பேருக்கு ஒருவராவது திடீரென்று நின்று அண்ணாந்து பார்க்கிற ஆளாக இருப்பார். மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். “வா பாஸ், அது காக்காதான்.” காக்கா இல்லை, செம்போத்து என்று அவர் திருத்துவார்.

பறவை பார்ப்பதும் ஓடுவதும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதில் ஆச்சரியம் இல்லை. இரண்டுக்கும் நேரம் ஒன்று: விடியல். சென்னையில் இடமும் பெரும்பாலும் ஒன்று: மரமும் நீரும் இருக்கிற இடம். அடையாறு திரு.வி.க. பாலத்தைக் கடக்கும்போது கீழே முகத்துவாரச் சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் நிற்கின்றன. ஐஐடி வளாகத்தில் ஓடுபவருக்குப் புள்ளிமான் தரிசனம் இலவசம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதை ஒட்டிய சாலையில் போகிறவருக்கு நீர்க்காகமும் நத்தைக்குத்தி நாரையும் அன்றாடம். பருவமும் ஒன்றுதான். நன்றாக ஓட முடிகிற டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலம், வலசை வந்த பறவைகள் இங்கே தங்கியிருக்கிற காலம்.

அதில் ஒன்று ஓட்டக்காரர்களுக்கென்றே படைத்தது போலிருக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது தோட்டக்கள்ளன். தமிழில் அதற்கு இன்னொரு பெயர் ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சீட்டியாகக் கூவும். ஒன்பது நிறம் பூசிய பறவை என்று இந்தியில் ‘நவ்ரங்’ என்பார்கள். அக்டோபர் வாக்கில் இரவெல்லாம் பறந்து களைத்து, சென்னையின் வீட்டு மாடியிலும் பால்கனியிலும் வந்து விழுவதும் உண்டு. நிழலான தோட்டத் தரையில் சருகைப் புரட்டித் திரியும் இதைப் பார்ப்பது அரிது, கேட்பது எளிது. காதில் இயர்போன் இல்லாதவர்களுக்கு மட்டும்.

பறவை பார்ப்பவர்களிடமும் ஆண்டுக் கணக்கு உண்டு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எத்தனை வகை பார்த்தோம் என்ற பட்டியல். இந்த வெறி உச்சத்துக்குப் போனவர்களில் அமெரிக்கரான நோவா ஸ்ட்ரைக்கர் ஒருவர். 2015-இல் உலகம் சுற்றி 6,042 வகைப் பறவைகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் அர்யன் த்வார்ஸ்ஹவுஸ் 6,800-ஐத் தாண்டிவிட்டார். வேளச்சேரியில் இருந்துகொண்டு சனி, ஞாயிறு மட்டும் பார்ப்பவர் 150-ஐத் தொட்டால் கொண்டாடலாம்.

இரண்டு கூட்டத்திலும் சண்டைகள்கூட ஒரே மாதிரிதான். ட்ரெட்மில்லில் ஓடியதைச் சேர்க்கலாமா? கடைக்கு நடந்ததையும் ஓட்டத்தில் கலப்பது நியாயமா? பறவைக்காரர்கள் பக்கம்: குரல் மட்டும் கேட்டால் கணக்கா? கூண்டில் இருப்பது சேருமா? அமெரிக்கப் பறவை பார்ப்போர் சங்கம் இதற்கு விதியே எழுதி வைத்திருக்கிறது. பறவை உயிரோடு, இயல்பான காட்டு நிலையில், கட்டுப்பாடில்லாமல் இருக்கணும். குரலை வைத்து அடையாளம் கண்டால் அதுவும் செல்லும். ட்ரெட்மில்லுக்கு அப்படி ஒரு சங்கம் இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை.

ஓடிக்கொண்டே பறவை எண்ணலாமா?

எண்ணலாம், ஆனால் பதிவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்.

பறவைக் குறிப்புகளைப் பதிவுசெய்ய உலகம் முழுக்கப் பயன்படுவது இ-பேர்ட் தளம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்துகிறது. இதில் சும்மா பெயரை மட்டும் போட்டால் போதாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், பார்த்த எல்லாவற்றையும் எழுதினீர்களா என்றும் கேட்கும். ஓடுகிறவர் 10 கி.மீ. தூரத்தைப் போட்டு, ‘முழுப் பட்டியல்’ என்று டிக் அடித்தால் அந்தத் தரவு தப்பாகிவிடும். அவர் பார்த்தது நாலு மைனாவும் ஒரு செம்பருந்தும்; அந்தப் பாதையில் இருந்ததோ நாற்பது வகை. கண் முழுக்க அடுத்த ஸ்பீட் பிரேக்கர் மேல் இருந்தால் மீதி எப்படித் தெரியும்? ‘இங்கே தையல்சிட்டு இல்லை’ என்று கணினி எடுத்துக்கொள்ளும். பறவை பார்ப்பது முதன்மை நோக்கமாக இல்லாத நேரத்துக்கு என்றே ‘தற்செயல்’ என்ற வகையை அந்தத் தளம் வைத்திருக்கிறது. ஓடும்போது கண்டது அதில்தான் போக வேண்டும். நடந்தே பார்த்தாலும் ஒரு பட்டியலுக்கு 8 கி.மீ.க்குள் இருப்பது நல்லது, குறையக் குறைய இன்னும் நல்லது என்பது தளத்தின் பரிந்துரை.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், இந்தப் பதிவுகளை வைத்து நிஜமான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சுமார் 30,000 ஆர்வலர்கள் பதிந்த 3 கோடிக் குறிப்புகளை வைத்து 942 வகைகளை மதிப்பிட்டது. 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. ஐடி கம்பெனிக்குப் போகும் முன் அரை மணி நேரம் குளத்தங்கரையில் நின்றவரின் பதிவும் அந்த 3 கோடியில் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கு ஓடியவரோடு முடிந்துவிடும். பறவைக் கணக்கு அப்படி முடிவதில்லை.

ஓட்டத்தில் நின்று நின்று பறவை பார்ப்பவரின் ஸ்ட்ராவா பதிவு வேடிக்கையாக இருக்கும். நகர்ந்த நேரம் 48 நிமிடம், மொத்த நேரம் ஒன்றே முக்கால் மணி. நண்பர்கள் கேட்பார்கள், நடுவில் எங்கே டிபன் சாப்பிட்டாய் என்று.

எண்ணினால் சந்தோஷம் போய்விடுமா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சங்கடமான பதில் சொல்கிறது. நடை, வாசிப்பு, படத்துக்கு வண்ணம் தீட்டுதல் என்று ஜாலியான வேலைகளைக் கொடுத்துச் சிலருக்கு அளவை எண்ணிக் காட்டினார்கள், சிலருக்குக் காட்டவில்லை. எண்ணிப் பார்த்தவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் ரசித்தது குறைவு. விளையாட்டு வேலையாக மாறிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

பறவைகள் பக்கம் தராசு வேறு மாதிரி சாய்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,292 பேரிடம் கைப்பேசிச் செயலி வழியாக நாளுக்குப் பலமுறை ‘இப்போது பறவையைப் பார்க்கிறீர்களா, குரல் கேட்கிறதா, மனநிலை எப்படி?’ என்று கேட்டார்கள். 2022-இல் வந்த முடிவின்படி, பறவையைக் கண்டோ கேட்டோ இருந்த நேரத்தில் மனநிலை மேலாக இருந்தது. அந்தத் தாக்கம் எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் அப்படியே. எத்தனை வகை என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்கணும்.

அதற்காக ஆண்டு இலக்கே வேண்டாம் என்று சொல்வது அவசரம். நவம்பர் காலை ஐந்து மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே தூறல் விழும்போது போர்வையை விலக்கவைப்பது பல நேரங்களில் அந்த எண்தான். எண்ணுக்குப் பயந்து எழுந்தவர்கள்தான் மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதி வழியாக ஓடி, புள்ளிக்கோலத்தை மிதிக்காமல் தாண்டிக் குதித்துப் போகிறார்கள்.

எண்ணில் ஏறாத வாழ்க்கை

ஆண்டுக் கணக்கு ஓர் ஆளை மட்டும் பார்க்கிறது, அவர் வீட்டைப் பார்ப்பதில்லை. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர் ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கிறார். அவருக்கு ஐந்து மணி ஓட்டம் கனவு. பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு டிபன் கட்டணும் என்றால் ஞாயிறு தவிர நீண்ட ஓட்டம் இல்லை, அதையும் பல வீடுகளில் அம்மாதான் விட்டுக்கொடுக்கிறார். விடியுமுன் தெருவிளக்கு எரியாத சாலையில் தனியாக ஓடத் தயங்கும் பெண்ணுக்கு மே மாதத்தில் வசதி; ஐந்தே முக்காலுக்குள் சூரியன் வந்துவிடும். ஜனவரியில் ஆறரை வரை இருட்டு. ஓடுவதற்கு ஊரே கொண்டாடும் மாதம் அவருக்குக் கஷ்டமான மாதம். தெருநாய்த் தொல்லையால் வீட்டுக்கு முன்னால் இருக்கிற நல்ல பாதையை விட்டு, பூங்காவுக்குள் 400 மீட்டர் வட்டத்தை 15 தடவை சுற்றுகிறவர்கள் எல்லாப் பேட்டையிலும் உண்டு. வட்டம் சுற்றும்போது ஜிபிஎஸ் மூலையை வெட்டி தூரத்தைக் குறைத்துக் காட்டுவது இதில் கூடுதல் வயிற்றெரிச்சல்.

இவர்களில் பலர் 600, 700-இல் நிற்கிறார்கள். ‘இந்த வருஷமும் முடியல’ என்று அடுத்த ஜனவரியில் ஓட்டத்தையே நிறுத்துகிறவர்களும் இவர்களிலிருந்துதான். அவர்களுக்கு 2014-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டு பின்தொடர்ந்ததில், ஓடுகிறவர்களுக்கு மரண வாய்ப்பு 30 சதவீதமும் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 45 சதவீதமும் குறைவாக இருந்தது. வாரத்துக்கு 51 நிமிடத்துக்கும் குறைவாக, மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் தெரிந்தது. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்ற நிதானமான வேகத்தில் 51 நிமிடம் என்றால் வாரம் ஆறு கி.மீ. சொச்சம், வருஷத்துக்கு 330. உடம்பின் கணக்கில், 700-இல் நின்றவர் தோற்றவர் இல்லை. செயலியின் கணக்கில் மட்டும்தான்.

பாக்கி இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

டிசம்பர் 1-இல் 880 இருந்தால் 31 நாளில் 120, அதாவது வாரத்துக்கு 27. நாலு நாள் ஏழு ஏழாக ஓடினால் நடக்கும். 800 இருந்தால் வாரம் 45 ஆகும்; 19-க்குப் பழகிய காலுக்கு அது இரு மடங்குக்கும் மேல். அந்த இடத்தில் இலக்கை 900 என்று திருத்திக்கொள்வது கேவலமே இல்லை. செயலியில் அதற்கு ஒரு பட்டன்தான். எப்படியானாலும் எந்த ஒரு நாளும், கடந்த ஒரு மாதத்தின் நீண்ட ஓட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். 10 ஓடியவருக்கு அடுத்தது 11.

பறவைப் பட்டியலைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் நல்ல நேரம் இதுதான். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்துவருகிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலக அளவிலான கணக்கெடுப்பு வரும்; பங்கேற்கக் கட்டணமோ முன் அனுபவமோ தேவையில்லை. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த பறவைகளை எண்ணிப் பதிந்தால் போதும். ஓடி முடித்து வியர்வை காய்வதற்கு ஆகிற நேரம்.